சூசையின் காடியில் இடப்பக்கத்து இருக்கை

அன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சூசை வீட்டிலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. இரண்டு முறை, சின்னதாக. எங்கள் வரிசை வீடுகளில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. அது என்னைக் கூப்பிடும் சத்தம். நான் வாசலில் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்தியில் பாதி தூரம் வந்திருந்தேன். ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. முதல் முறையாக ஒரு செய்தி என் வாயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. இதை முடித்துக்கொண்டு போகலாம், போய் அவரிடம் படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

நாளிதழை மடிக்கும்போது சூசையின் மகள் மேரி வருவதைப் பார்த்தேன். நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் தாமான் குடியிருப்பில் பிள்ளைகள் யாரும் நடந்து வந்து பேசுவதில்லை. வேலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். மேரி செருப்புக்கூடப் போடாமல் நடந்து வந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியப்பா," என்றாள். "அப்பா காடியிலேயே போயிட்டாரு."

ஓட்டிப்போன காரில் அல்ல. அந்தக் கார் இரண்டு வருடமாக அவர் வீட்டு முன்பகுதியில் நின்றுகொண்டிருந்தது. சூசை வழக்கம்போல வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. இடப்பக்கத்துக் கதவை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்.

முப்பதாம் நாள் செபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சிடுவதாக மேரி சொன்னாள். "நீங்கதான் எழுதணும் பெரியப்பா. அப்பா சொல்லிக் கொடுத்த எழுத்து." அதனால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. எழுதி முடித்த பக்கத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. சூசையை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். நீங்கள் எல்லாரும் அந்தக் காடியில் ஒரு முறையாவது ஏறியவர்கள்தானே.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது யாரிடமும் கார் இல்லை. நான் பால்மரம் வெட்டினேன். என்னைவிட நான்கு வயது இளையவரான சூசை, வெட்டிய பாலை ஏற்றிப்போகும் லோரியை ஓட்டினார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், மருந்தகம், கோயில், கள்ளுக்கடை எல்லாமே கால் போகும் தூரத்தில் இருந்தன. அது நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கால் போகாத தூரத்தில் எங்களுக்கென்று எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். பிரசவ வலி வந்தால் பால் லோரிதான். என் மகள் பிறந்தது சூசையின் லோரி முன் இருக்கையில், மருத்துவமனை வாசலுக்குச் சற்று முன்னால். "அண்ணே, நான் மெதுவாத்தான் ஓட்டுனேன், பாப்பாதான் அவசரப்பட்டுச்சு" என்று பல வருடம் சொல்லிச் சிரிப்பார்.

தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் பாக்கார் ஆராங் பக்கம் ஒரு தாமானுக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கார் நிறுத்த ஓர் இடம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கார் இல்லாத நாங்கள் அங்கே துணி காயப் போட்டோம். பேருந்து பெரிய சாலையோடு போய்விடும். மீன், காய்கறி வாங்கும் பாசார், மருத்துவமனை, கோயில் எல்லாம் தூரமாகிவிட்டன. கால் இருந்தும் நடக்க முடியாதவர்களாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சூசை ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வந்தார்.

முதலில் மாதா கோயில் சாமியாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்துக்கொண்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முனியாண்டி கோயிலுக்கு வந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால்தான் நான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்களாண்ணே?"

"மாதா மேலே இருந்து பாத்துக்குவாங்க தம்பி. கீழே டயரை யாரு பாக்குறது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்க, நான்கு பழத்தையும் நசுக்கிக்கொண்டு அந்தக் கார் கிளம்பியது. நான் இடப்பக்கம் ஏறிக்கொண்டேன். அதன் பிறகு நான் இருக்கும்போது அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டு முன்பகுதியைத்தான் பார்ப்பார்கள். அங்கே துணி காய்ந்தால் ஒரு மரியாதை, கார் நின்றால் வேறு மரியாதை. சூசை விடியற்காலையிலேயே துணிக்கொடியை அவிழ்த்துவிட்டுத் தன் காரைக் கொண்டுவந்து என் வீட்டில் நிறுத்திவிட்டார். சாவியை என் சட்டைப் பையில் போட்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா தேநீரை வைத்துவிட்டு, "சம்பந்தி, உங்க காடியைக் கொஞ்சம் உள்ள தள்ளுனா எங்க காடியும் நிழல்ல நிக்கும்" என்றார். எனக்குக் கதவைத் திறக்கக்கூடச் சரியாகத் தெரியாது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். சூசை எழுந்தார். "அண்ணனுக்குக் கால் சுளுக்கு, நான் எடுக்கிறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் என் மருமகன் வீட்டுக்குள் வரும்போது, "மாமா, கால் சரியாயிருச்சா?" என்றுதான் கேட்பார்.

சூசை யாரையும் இறங்கச் சொன்னதில்லை. "காடின்னு ஒண்ணு இருந்தா அதுல இடம் இருக்கணும். இடமில்லாத காடி வெறும் தகரம்லா" என்பார். எங்கள் வரிசையில் பாக்கியம் என்று ஒரு பெண்மணி. இனிப்பு நீர் நோயால் காலில் ஆறாத புண். வாரத்தில் இரண்டு நாள் சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் கட்டு மாற்ற வேண்டும். சூசை ஒரு நாளும் தவறியதில்லை. இரண்டு ஹார்ன் என்றால் எனக்கு, மூன்று என்றால் பாக்கியத்துக்கு.

இனிப்பு நீர் சூசையையும் விடவில்லை. அது கண்ணுக்கு ஏறியது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளக்குச் சந்திப்பில் நிற்கும்போது, "அண்ணே, தூங்காம இருக்கீங்களான்னு பாக்குறேன், இப்ப என்ன நிறம்?" என்று கேட்பார். நானும் பச்சை, சிவப்பு என்று விளையாட்டாகச் சொல்வேன். ஒரு நாள் பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தும் அவர் நகரவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். அன்றைக்குத்தான் திரும்பி அவர் கண்ணைப் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா தம்பி?"

"மேரிகிட்ட சொல்லிராதீங்கண்ணே. சாவியைப் புடுங்கிருவா."

நான் சொல்லவில்லை. அது என் தவறு. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் இருவரும் சேர்ந்து செய்தோம். அவருக்கு எழுத்துத் தெரியும், சாலைப் பலகை கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பலகை தெரியும், எழுத்துத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர் என்று முடிவு செய்துகொண்டோம். பலகை வந்தால் நான் அதன் உருவத்தைச் சொல்வேன். "நேரா ஒரு கோடு, அதுல ரெண்டு கொம்பு." "கே. அடுத்தது?" "கோப்பை மாதிரி." இப்படி அவர் கூட்டிக்கொள்வதற்குள் பலகை பின்னால் போய்விடும்.

கூலிம் டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பாக்கியமும் பின்னால் பட்டுப்புடவையில் இருந்தாள். கொம்பு வைத்த எழுத்தைப் பார்த்ததும் நான் திருப்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்தது கூலிம் ஹைடெக் பூங்கா. அகலமான சாலைகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பெரிய பெரிய தொழிற்சாலைகள். அதற்குள் ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒரே காவல்காரர் எங்களுக்கு மூன்று முறை கை காட்டினார்.

"சூசைண்ணே, தாலி கட்டுறது பேக்டரியிலயா?" என்றாள் பாக்கியம்.

மண்டபத்துக்குப் போனபோது மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் சூசை காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "இனிமே இப்படி ஆகக் கூடாதுண்ணே. நீங்க எழுத்துப் படிங்க."

கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அறுபத்தெட்டு வயதில் நான் படிக்கத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடம் காருக்கு வெளியில்தான் தொடங்கியது. காரைக் கழுவாமல் விட்டு, முன்மூடியில் படிந்த தூசியில் விரலால் எழுதச் சொன்னார். விரலுக்குக் கீழே எழுத்து வெள்ளையாக வரும். முதலில் தமிழ். "நம்ம எழுத்து தெரியாம அவங்க எழுத்தைப் படிச்சா எனக்குத்தான் பாவம்" என்றார். பிறகு சாலைப் பலகைக்காக மலாய். நான் எழுதியதை அழிக்காமலே பாசாருக்கு ஓட்டிப் போவார். மீன் கடைக்காரர் ஒருவர், "யாருங்க இது, பானெட்டுல பாலர் பள்ளி நடத்துறது?" என்று கேட்டார். சூசை என்னைக் காட்டி, "மாணவர் முன் சீட்டுல இருக்காரு" என்றார். எனக்கு வெட்கமே வரவில்லை. ஏழு வயதில் அப்பாவோடு பால் வாளி தூக்கப் போனவன் நான். யாரும் என்னை மாணவன் என்று சொன்னதில்லை.

இடப்பக்கத்திலிருந்து நானாகப் படித்த முதல் சொல் 'பெர்ஹெந்தி'. நில் என்று பொருள். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. நான் கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்தார். நின்ற காரில் இருவரும் கைதட்டினோம். பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரு காலையில், பெடோங் சாலையில், சைக்கிளில் போன ஒரு மலாய்க்கார அம்மாவின் பின்சக்கரத்தில் எங்கள் கார் உரசிவிட்டது. நான் அப்போது ஒரு பெரிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். சாலையைப் பார்க்கவில்லை. அந்த அம்மா விழுந்தார். கூடையிலிருந்த கத்தரிக்காய்கள் தார்ச் சாலையில் உருண்டன. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சூசையைப் பார்த்துக் கேட்டார்: "பாக்சிக், தக் நம்பாக் கா?" ஐயா, கண் தெரியவில்லையா என்று. திட்டவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். சூசை கீழே உட்கார்ந்து கத்தரிக்காய்களைத் தேடினார். கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்ததையும் தடவித்தான் எடுத்தார்.

மறுவாரம் நானே வற்புறுத்திக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். போனதும் அதே காரில்தான். அவர் மட்டும் உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ஒரு கடிதம். காருக்குள் உட்கார்ந்ததும் அதை என் மடியில் வைத்தார்.

"படிங்கண்ணே."

"சின்ன எழுத்தா இருக்கே தம்பி."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு. படிங்க."

கடிதம் மலாயில் இருந்தது. விரலை வைத்துக் கூட்டினேன். முதல் வரியில் அவர் பெயர். அடுத்தது நோயின் பெயராக இருக்க வேண்டும், விளங்கவில்லை. மூன்றாவது வரி விளங்கியது. இவர் இனி வாகனம் ஓட்டக் கூடாது.

அறுபத்தெட்டு வருடம் எழுத்துத் தெரியாமல் இருந்தவன் நான். அந்த ஒரு நிமிடம் மட்டும் மறுபடியும் எழுத்துத் தெரியாதவனாகிவிட மாட்டோமா என்று இருந்தது. "விளங்கலை தம்பி, கஷ்டமான மலாய்" என்று சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார் என்று நினைத்தேன். கார் வீட்டுக்கு ஓடும். பாக்கியத்துக்குக் கட்டு மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போகலாம். நான் என் இருக்கையில் உட்காரலாம். ஆனால் அந்த அம்மாவின் சிராய்த்த முழங்கை என் கண்ணுக்கு முன்னால் நின்றது. சூசை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

நான் படித்தேன். எழுத்து எழுத்தாக, சத்தமாக, கடைசிவரை படித்தேன்.

அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். பிறகு, "ஒரு எழுத்துகூடத் தப்பா படிக்கலண்ணே" என்றார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். காரை ஓட்ட ஆள் இல்லை. மேரி கூலிமில் வேலை முடிந்து வர வேண்டும். வெயிலில் நின்ற காரின் பின்னிருக்கையில் இரண்டு பேரும் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முன்னால் யாரும் இல்லை. அந்தக் காரில் நான் அவருக்குப் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு எங்கள் வரிசையில் மூன்று ஹார்ன் கேட்கவில்லை. பாக்கியம் என் வாசலில் வந்து நின்று கேட்டாள்: "எழுத்துப் படிச்சு என்னண்ணே சாதிச்சீங்க? எனக்கு இருந்த ஒரு காலையும் எடுத்துட்டீங்க." அவள் மேல் தப்பில்லை. சூசையும் ஒரு மாதம் வெளியே வரவில்லை. நான் வாசல்வரை போவேன், கேட் பூட்டியிருக்கும், திரும்பி வருவேன். அந்த ஒரு மாதம் நான் நாளிதழைத் தொடவில்லை.

ஒரு காலையில் இரண்டு ஹார்ன் கேட்டது. ஓடினேன். சூசை நின்ற காரில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கத்துக் கதவு திறந்திருந்தது.

"பேப்பர் கொண்டாந்தீங்களா?"

"இல்லையே."

"பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் இல்லாமலா வருவாங்க? போய் எடுத்துட்டு வாங்க லா."

அன்று முதல் இரண்டு வருடம் அந்தக் கார் நகராமலே எங்களைக் கொண்டுபோனது. நான் படிப்பேன், அவர் கேட்பார். தடுக்கினால் சொல்லிக் கொடுப்பார். வேகமாகப் படித்தால், "சம்மன் வந்துரும், மெதுவா" என்பார். பக்கம் திருப்பும்போது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டுவார். மேரி வாரம் ஒரு முறை எஞ்சினை ஓடவிடுவாள், பேட்டரி செத்துவிடக் கூடாது என்று. பாக்கியத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோக மேரி தன் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டாள். அதைச் செய்யச் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அடக்கத்தன்று சூசையின் கார் வரவில்லை. சாலை வரி முடிந்து வெகுநாளாகிவிட்டது. பெட்டியை அதன் பக்கமாகத்தான் தூக்கிப் போனார்கள். எங்கள் சாலையிலும் அடுத்த சாலையிலும் கார்கள் நின்றன. இப்போது எல்லாருடைய வீட்டிலும் கார் இருக்கிறது. சூசையின் காரில் ஏறிப் பழகியவர்கள்தான் பாதிப் பேர். பாக்கியம் பெட்டியில் கை வைத்து, "மூணு அடிங்கண்ணே, வர்றேன்" என்று சொல்லி அழுதாள்.

மேரி என்னைத் தன் காரில் முன்னால் உட்காரச் சொன்னாள். இடப்பக்கம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் என் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தேன்.  முச்சந்தியில் சிவப்புப் பலகை வந்தது. "பெர்ஹெந்தி" என்றேன். மேரி நிறுத்தினாள். முன்னால் சூசையைக் கொண்டுபோன வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து மேரி காரைச் சுத்தம் செய்தாள். முன்பெட்டியில் அந்தக் கடிதம் இருந்தது. நான்காக மடித்து, ஜெபமாலையோடு. அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும் பெரியப்பா. டாக்டர் அன்னிக்கு உள்ளேயே அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராம். காடிக்கு வர்றதுக்கு முன்னாடியே அப்பாவுக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைப் படிக்கச் சொன்னாரு?"

"நானும் கேட்டேன். 'நானா சாவியைக் கீழ வைக்க மனசு வரல. அண்ணன் படிச்சா நிறுத்திருவேன். தெரியாதுன்னு சொன்னா ஓட்டிருவேன்னு இருந்தேன். அவரு படிச்சிட்டாரு, நல்லவேளை'ன்னு சொன்னாரு."

அந்த 'நல்லவேளை'யை இரண்டு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடமிருந்து காரைப் பிடுங்கியது என் எழுத்து என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டுதான் படித்தேன். அந்தப் பாரத்தை மேரி இறக்கி வைத்துவிட்டாள். ஆனால் அந்தச் சனிக்கிழமையின் இருபது நிமிடத்தை இறக்கி வைக்க யாரும் இல்லை. முதல் ஹார்னுக்கே போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

சூசையிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, இந்தக் கடிதம். எங்கும் தடுக்காமல் இப்போது படிக்கிறேன், நோயின் பெயரைக்கூட. மற்றது, இந்த எழுத்து. அவர் தூசியில் தொடங்கி வைத்தது. இதை எழுதும்போது தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார், காரில் வரும் பிள்ளைகள் கேட்டுக்கு முன்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். எனக்கு இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போகிறேன்.